மாடா, பன்றியா, மீனா? கொலாஜன் சவ்வு வைத்தவர்கள் சொல்லுங்கள்

கீழக்கரை, ஆசிரியை:
உம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கியது. ஈறு நோயில் எலும்பு கரைந்திருக்கிறது, ஈறைத் திறந்து சுத்தம் செய்து, எலும்புத்தூள் நிரப்பி, மேலே கொலாஜன் சவ்வு (விலங்குகளின் தோல், நாணில் உள்ள நார்ப் புரதத்தில் செய்த மெல்லிய விரிப்பு) வைக்கலாம் என்றார்கள். எதிலிருந்து எடுத்தது என்று உம்மாதான் முதலில் கேட்டார். உலகம் முழுக்கப் பெயர் பெற்ற பயோ-கைடு என்ற சவ்வு பன்றியிலிருந்து வருவது. ஆலிம்சாவிடம் கேட்டோம், வேறு வழி இருக்கும்போது அதை ஏன் தொட வேண்டும் என்றார். கடைசியில் சென்னைத் தயாரிப்பான பெரியோகால் வைத்தார்கள், மீன் கொலாஜன். ஆட்டம் குறைந்திருக்கிறது. எலும்பு வளர்ந்ததா என்பது பிறகு எக்ஸ்ரேயில்தான் தெரியும். மீன் என்றால் மட்டம் என்கிறார் சொந்தக்காரர் ஒருவர். அப்படியா?

ராமநாதபுரம், பல் மருத்துவர்:
மூன்றும் வைத்திருக்கிறேன், டீச்சர். சவ்வுக்கு வேலி வேலைதான். ஈறின் மேல்தோல் வேகமாக வளரும். எலும்பும் பல்லைப் பிடிக்கும் நாரும் மெதுவாகத்தான் வரும். தடுக்காவிட்டால் குழியை ஈறுத்தோல் பிடித்துக்கொள்ளும். ஆகவே சில வாரங்களாவது சவ்வு கரையாமல் நிற்க வேண்டும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான், விலங்கு அப்புறம். மாட்டின் குதிகால் நாணில் செய்யும் பயோமெண்ட் 6 முதல் 8 வாரம் நிற்கும். பன்றிச் சவ்வு இரண்டு அடுக்கு: வழவழப்பான பக்கம் ஈறுக்கு, சொரசொரப்பு எலும்புக்கு. எலும்பின் வளைவுக்கு ஏற்ப மடங்கி உட்காருவதில் அதற்கு ஈடு நான் பார்த்ததில்லை.

மீன் கொலாஜனில் ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலம் குறைவு. அதனால் குறைந்த சூட்டிலேயே இழை அவிழ்ந்துவிடும். காட் போன்ற குளிர்கடல் மீனுடையது 15 டிகிரி வாக்கிலேயே அவிழும்; நம் கடல் மாதிரி வெதுவெதுப்பான நீரில் வாழும் மீன்களுடையது கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் மாடு, பன்றி அளவுக்கு வராது. உடம்புச் சூடோ 37. இழைகளை ரசாயனத்தால் பிணைத்து உறுதியாக்குவது இதற்காகத்தான். மாட்டுக் கொலாஜனையும் அப்படிப் பிணைப்பதுண்டு, நாள் கூடுதலாக நிற்கும். ஆக, மட்டம் என்று சொல்ல மாட்டேன். சின்னக் குழிக்குத் தாராளமாக வைப்பேன். எலும்பு அகலமாகப் போன இடம் என்றால் யோசிப்பேன். தையல் விட்டுச் சவ்வு வெளியே தெரிந்தால் எந்த விலங்கானாலும் சீக்கிரம் கரைந்துவிடும்.

எலும்புத்தூள் எதிலிருந்து என்று கேட்டீர்களா? பயோ-ஆஸ் மாட்டெலும்பு. சவ்வைப் பற்றி அத்தனை விசாரித்துவிட்டு தூளை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம், எல்லா மதத்திலும்.

பாம்பன், மீன் வியாபாரி:
இங்கே கூறல் மீன் சிக்கினால் மீனைவிட அதன் காற்றுப்பையான நெட்டிக்குத்தான் மதிப்பு. சூப்புக்கும், ஒயின் தெளிய வைக்கவும் வெளிநாடு போகிறது என்பார்கள். அந்தக் காற்றுப்பையும் கொலாஜன்தான் என்று இதைப் படித்த பிறகு தெரிகிறது! என் கதை பல் இல்லை. மச்சானுக்குக் கொதி எண்ணெய் கையில் கொட்டிவிட்டது. ஸ்பிரிட் வாடையோடு ஈரமான கொலாஜன் ஷீட் ஒன்றை சலைனில் அலசி ஒட்டினார்கள். காய்ந்து பிடித்துக்கொண்டது. தினமும் கட்டுப் பிரிக்கும் அந்த உயிர் போகிற வலி இல்லை. ஒரு மூலையில் அடியில் நீர் கோத்தது, அதை மட்டும் வெட்டினார்கள். மீதி தானே உரிந்தது. எந்த மிருகம் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தேவிபட்டினம், நர்ஸ்:
அண்ணே, நான் கையாண்ட தீக்காய ஷீட்டுகள் மாட்டுக் கொலாஜன்தான். அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த வகை ஷீட்டுக்கு நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அடியில் அழுக்குத் திசு மிச்சமிருந்தால் எந்த ஷீட்டும் ஒட்டாது, சீழ் வைக்கும். அப்புறம், மீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் மீன் சவ்வு வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இறால் சாப்பிட்டால் அரிப்பது வேறு, மீன் ஒவ்வாமை வேறு. எங்கள் பக்கம் இரண்டையும் சேர்த்து 'கடல் சாமான் ஆகாது' என்றுதான் சொல்வார்கள். எது என்று பிரித்துச் சொன்னால் டாக்டருக்கு வேலை சுலபம்.