தறிக்குழி உள்ள கூடத்தில் தையலுக்கும் ஆரி வேலைக்கும் இடம் செய்வது எப்படி? குழியை மூடிவிடலாமா?

தாராசுரம் தையல்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது தாராசுரத்தில் நாட்டு ஓடு போட்ட பழைய நெசவு வீடு. முன்கூடம் 14 அடிக்கு 10 அடி. தையல் மெஷின், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக், ஆரி (கொக்கி ஊசி எம்பிராய்டரி) போடத் துணியை இழுத்துக் கட்டும் ஃபிரேம், எட்டாவது படிக்கும் பையனின் புத்தகங்கள், மாமனாரின் கட்டில் எல்லாமே அதற்குள்தான். ஆவணி முகூர்த்தத்துக்குத் தைக்க வந்த ஜாக்கெட் துணி மட்டும் நாற்பதுக்கு மேல் இருக்கிறது. பையில் போட்டு பை மேல் பை அடுக்கி வைத்திருக்கிறேன். ஒருவருடைய லைனிங் துணியைத் தேட மொத்தத்தையும் கவிழ்க்க வேண்டியிருக்கிறது.

சுவரில் ஷெல்ஃப் மாட்டலாம் என்று போன மாதம் டிரில் வாங்கி வந்து ஓட்டை போட்டோம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர். 6 எம்.எம். பிட்டுக்குச் சுண்டுவிரல் போகிற அளவு உதிர்ந்துவிட்டது. ஸ்க்ரூ பிடிக்கச் செருகும் ராவல் பிளக்கை அடித்தால் கையோடு திரும்பி வருகிறது. தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஈர ஓதமும் ஏறியிருக்கிறது.

துணி வெட்டுவது தரையில்தான். நாள் முழுக்கக் குனிந்து குனிந்து ராத்திரி முதுகை நிமிர்த்த முடியவில்லை. ஆரி போடுவதும் சம்மணம் போட்டுத்தான், முட்டி மரத்துப் போகிறது.

அப்புறம் குழி, நெசவாளி கால் விட்டு உட்கார்ந்து தறியை மிதிக்கிற பள்ளம். மாமனார் தறியை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. தறியைப் பிரித்துக் கொடுத்துவிட்டோம், குழி மட்டும் இருக்கிறது. நீளம் இரண்டே முக்கால் அடி, அகலம் ஒன்றே முக்கால், ஆழம் இரண்டரை அடி. மேலே பழைய பலகை இரண்டைப் போட்டுப் பாயை விரித்து வைத்திருக்கிறோம். மணலைக் கொட்டி கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாம், ஒரு நாள் வேலை என்கிறார் கொத்தனார். துணி வைக்கிற பெட்டியாக்கிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. மாமனாரிடம் கேட்டால் 'உன் இஷ்டம்மா' என்கிறார். ஆனால் கொத்தனார் அளவெடுக்க வந்த அன்றைக்கு எழுந்து திண்ணைக்குப் போனவர், அவர் போகும் வரை உள்ளே வரவில்லை. அதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை.

ஆசாரி வைத்து அலமாரி செய்ய இப்போது கையில் பணமில்லை. நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

மன்னார்குடி மரவேலை:

சகோதரி, அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் பளு தொங்கவிடக் கூடாது. செங்கல்லின் நடுவில் பார்த்துப் போட்டால் கொஞ்சம் பிடிக்கும், இணைப்பில் போட்டால் நிற்கவே நிற்காது. பூச்சுக்கு உள்ளே எது எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்?

உங்கள் வீட்டில் பலமானது மேலே இருக்கிறது. ஓட்டு வீடு என்றால் விட்டம் இருக்கும். அதிலிருந்து தொங்கவிடுங்கள். பாட்டி காலத்தில் தயிர்ச்சட்டிக்கு உறி கட்டவில்லையா, அதே முறைதான். நான்கு கயிறு, ஒரு பலகை. சுவருக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு அங்குலம் இடைவெளி விட்டால் ஓதமும் கரையானும் அண்டாது. கட்டுவதற்கு முன் விட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்டால் உள்ளே அரித்திருக்கும், அந்த இடத்தில் கட்டாதீர்கள்.

வெட்டுவதற்கு மேசை. 18 எம்.எம். பிளைவுட் ஒன்று போதும். ஐ.எஸ். 710 என்று பலகையிலேயே அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், தண்ணீர் தாங்கும் ரகம் அது. விலை குறைவு என்று மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை பக்கம் போகாதீர்கள், நம்ம ஊர் மழைக்காலத்தில் ஓரமெல்லாம் பொரி மாதிரி உப்பிவிடும். 8 அடிக்கு 4 அடி பலகையில் 6 அடிக்கு 3 அடி வெட்டி எடுத்தால் அது மேசை. மிச்சம் 8 அடி நீளத்துக்கு ஒரு அடி அகலப் பட்டை ஒன்று, உறிப்பலகைக்கு ஆகும். இன்னும் 3 அடிக்கு 2 அடித் துண்டு ஒன்று நிற்கும். ரம்பம் இரண்டு மூன்று எம்.எம். தின்னும், அதை மட்டும் கணக்கில் வைத்துக் கடையிலேயே வெட்டி வாங்கிவிடுங்கள்.

மேசைக்குக் கால் வேண்டாம். வரிசையாக ஓட்டை போட்ட இரும்புச் சட்டமான ஸ்லாட்டட் ஆங்கிளில் இடுப்புயர ரேக் இரண்டு முடுக்கி, மேலே பலகையைப் போடுங்கள். கீழே துணி அடுக்கலாம், மேலே நின்றுகொண்டு வெட்டலாம். உயரத்துக்கு டேப் பிடிக்கத் தேவையில்லை. நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள், அதற்கு நாலைந்து அங்குலம் கீழே பலகை வர வேண்டும். நான்கு மூலையிலும் மூலைத்தகடு போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கத்தரி ஓடும்போது மேசையும் கூடவே ஆடும்.

குழியை மூடிவிடுவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். சின்னக் கூடத்தில் அவ்வளவு இடம் வீணாகக் கிடக்கிறதே.

திருபுவனத்து நெசவாளி:

மூட வேண்டாம் அம்மா. நாற்பது வருஷம் குழியில் கால் விட்டு உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

முதலில், துணி வைக்கிற பெட்டியாக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் குழியில் தண்ணீர் ஊறும். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் பாதித் தறி நின்றுவிடுவதே அதனால்தான். அடுத்தவர் வீட்டுப் பட்டு ஒன்று நனைந்தால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

ஆனால் உங்களுக்குத் தேவையான இருக்கை அந்தக் குழிதான். ஆரி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், என் மருமகளும் போடுகிறாள். ஒரு கை மேலே ஊசியைப் பிடிக்கும், ஒரு கை துணிக்கு அடியில் நூலைக் கொடுக்கும். ஃபிரேமுக்குக் கீழே கை போக இடம் வேண்டும். சம்மணம் போட்டால் அந்த இடத்தில் முட்டி இருக்கிறது. அதனால் ஃபிரேமைத் தூக்குகிறீர்கள், தூக்கினால் தோள் ஏறுகிறது. குழி விளிம்பில் பலகை போட்டு உட்கார்ந்து காலைக் கீழே விடுங்கள். ஃபிரேமைக் குழிக்குக் குறுக்கே, தரையிலிருந்து எட்டு ஒன்பது அங்குல உயரத்தில், இரண்டு கட்டை மேல் வையுங்கள். தொடைக்கும் துணிக்கும் நடுவில் கை தாராளமாகப் போகும். தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு நூலுக்கு முன்னால் நாங்கள் உட்கார்ந்ததும் இப்படித்தான்.

தறியின் மிதிகட்டை போன பிறகு கால் ஆழத்தில் தொங்கும், தொங்கினால் தொடை வலிக்கும். உங்கள் உயரத்துக்குப் பாதம் படிகிற மாதிரி அடியில் ஒரு கட்டை போடுங்கள். குழியின் அடியில் செங்கல் பரப்பி, ஒரு மூலையில் மட்டும் அரை அடி ஆழமாகத் தோண்டி விடுங்கள். ஊறுகிற தண்ணீர் அங்கே சேரும், சொம்பால் மொண்டு ஊற்றிவிடலாம். காலை உள்ளே விடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள், பூரான் இருக்கும்.

நாகை ஆரி:

ஐயா சொன்னது எனக்கே புதிதாக இருக்கிறது! நான் ஒன்று சேர்க்கிறேன் அக்கா. கல், மணி எல்லாம் டப்பா டப்பாவாக வாங்காதீர்கள். பழைய அஞ்சறைப் பெட்டியை எடுத்து ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு நிறம் போடுங்கள். ஒரே மூடி, கவிழ்ந்தாலும் கலக்காது. வலது கையில் ஊசி பிடிப்பவர் என்றால் டியூப்லைட் இடது பக்கம் வரட்டும். அயர்ன் பாக்ஸ், மெஷின், விளக்கு எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகாதீர்கள். 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸுக்குத் தனி பிளக் பாயின்ட் வேண்டும்.

தாராசுரம் தையல்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

கும்பகோணத்தில் பலகை வாங்கி மன்னார்குடிக்காரர் சொன்ன அளவிலேயே வெட்டி வாங்கினோம். மேசை போட்டாகிவிட்டது. எனக்கு 34 அங்குல உயரம் சரியாக வந்தது. கீழ்த்தட்டில் ஒவ்வொருவர் துணிக்கும் ஒரு பழைய பிஸ்கட் அட்டைப்பெட்டி, முன்பக்கம் பெயரும் கொடுக்க வேண்டிய தேதியும் ஒட்டியிருக்கிறேன். இப்போது லைனிங் தேட அரை நிமிஷம்.

விட்டத்தைத் தட்டிப் பார்க்க ஏறியபோது தறி கட்டியிருந்த இரும்பு வளையம் இரண்டு அப்படியே இருப்பதைப் பார்த்தோம். கூட இரண்டு கொக்கி மட்டும் வாங்கி, 8 அடிப் பட்டையை உறியாகக் கட்டினோம். நூல்கண்டுப் பெட்டியும் பையனின் பழைய நோட்டுகளும் அதில். ஓட்டிலிருந்து தூசி கொட்டுகிறது, அதனால் ஒரு பழைய புடவையை மேலே கூடாரம் மாதிரி கட்டியிருக்கிறேன். உறியின் அடியில் ஒரு மூங்கில் கழி. தைத்து முடித்த ஜாக்கெட் எல்லாம் ஹேங்கரில் அதில் தொங்குகிறது.

மிச்சமிருந்த 3 அடிக்கு 2 அடித் துண்டு குழிக்கு மூடியாகிவிட்டது. சுற்றிலும் ஒன்றரை அங்குலம் விளிம்பில் உட்காருகிறது. இரண்டாக வெட்டி, அடியில் ரீப்பர் சட்டம் அடித்து, விரல் விட ஓட்டை போட்டோம். தரைக்குச் சமமாக வர விளிம்பை கிரைண்டரால் பலகைக் கனத்துக்குச் செதுக்கிய அன்றைக்கு வீடு முழுக்கத் தூசி. ராத்திரி மூடிவிட்டால் அதன் மேலேயே பையன் பாய் விரித்துப் படுக்கிறான்.

குழிக்குள் செங்கல் பரப்பியது மாமனார். நாங்கள் கேட்கவில்லை, காலையில் எழுந்து பார்த்தால் மனிதர் உள்ளே இறங்கி நின்றுகொண்டு கரணை கேட்கிறார். முதல் நாள் நான் உட்கார்ந்தபோது கட்டையில் பாதத்தை நேராக வைத்திருந்தேன். 'குதிகால் கீழே, விரல் மேலே, கொஞ்சம் சரிவா இருக்கணும்மா, அப்பத்தான் மத்தியானத்துக்கு மேல இடுப்பு தாங்கும்' என்று சொல்லி, கட்டைக்கு அடியில் ஓட்டுச் சில்லு ஒன்றை அண்டக் கொடுத்தார். நேற்று ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்கு முதுகு முழுக்க மயில் போட்டேன். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை எழுந்திருக்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம் ஐயா. மழை ஆரம்பித்து மூலையில் தண்ணீர் சேர்ந்தால் எவ்வளவு வரை உட்கார்ந்து வேலை செய்யலாம்?

திருபுவனத்து நெசவாளி:

செங்கல் நனைகிற வரைக்கும் உட்காரலாம். செங்கல் மேல் தண்ணீர் தெரிந்தால் கால்கட்டையை எடுத்து வெளியே வைத்துவிட்டு, மூடியைப் பகலில் திறந்தே போடுங்கள். மூடி வைத்தால் பலகையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். அந்த நாட்களில் ஃபிரேமை வெட்டுகிற மேசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தை பிறந்தால் குழி தானாகக் காய்ந்துவிடும். மாமனாரிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள் அம்மா.