280ல் டிக்கெட்: ஆன்லைன் டிராஃபிக் ஸ்கூலா, கோர்ட்டில் மோதலா?

சன்னிவேல் சுந்தர்:
போன வாரம் கலிபோர்னியாவில், சான் ஹோசேயிலிருந்து 280 ஃப்ரீவேயில் (விரைவு நெடுஞ்சாலை) வடக்கே வரும்போது போலீஸ்காரர் ஒருவர் நிறுத்திவிட்டார். 65 மைல் எல்லையில் 82 என்று டிக்கெட் (அபராதச் சீட்டு) எழுதியிருக்கிறார். பிரிவு 22349, அதாவது உச்ச வேக வரம்பை மீறியது. பிடித்தது ரேடாரில். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். லைசன்ஸ் வாங்கி நான்கு வருடம் ஆகிறது, இதுதான் முதல் டிக்கெட்.

ஆபீஸில் ஒருவர் "பணத்தைக் கட்டு, ஆன்லைன் டிராஃபிக் ஸ்கூலை (டிக்கெட் வாங்கியவர்களுக்கான சாலை விதி வகுப்பு) முடி, மறந்துவிடு" என்கிறார். இன்னொருவர் "கட்டிவிட்டால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி. எழுத்து மூலம் எதிர்த்துப் பார்" என்கிறார். நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். அந்தக் கவலையும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மீனா ரா.:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது சுந்தர்? ஸ்கூல்தான். 17 மைல் அதிகம் என்றால் அடிப்படை அபராதம் 70 டாலர். மாநிலமும் கவுண்டியும் அதன் தலையில் ஏற்றுகிற கட்டணங்களைச் சேர்த்தால் 370ஐ ஒட்டி வந்து நிற்கும். அதை எப்படியும் கட்டத்தான் வேண்டும். ஸ்கூல் எடுத்தால் அபராதம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள், கலிபோர்னியாவில் ஒரு காசு குறையாது. அதற்கு மேல் கோர்ட்டுக்கு 50 டாலர் சொச்சம் நிர்வாகக் கட்டணம், அப்புறம் ஸ்கூலுக்கு 20, 30 டாலர். கூடுதல் செலவு மொத்தம் 80, 90.

அதற்குக் கிடைப்பது என்ன? தப்புக்காக உங்கள் ஓட்டும் பதிவில் ஏறவேண்டிய ஒரு பாயிண்ட் (கரும்புள்ளி மாதிரி) மறைக்கப்படும். ஏறினால் மூன்று ஆண்டு இருக்கும், அத்தனை நாளும் இன்சூரன்ஸ்காரர் அதைப் பார்ப்பார். வருடத்துக்கு 1,800 டாலர் பிரீமியம் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பத்து சதவீதம் ஏற்றினாலே மூன்று ஆண்டில் 540. 90 டாலர் பெரிதா, 540 பெரிதா?

பழைய ஓட்டுநர்:
மீனா மேடம் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிற்று. எதிர்த்து ஜெயித்தால் அந்த 370ம் திரும்பி வரும், பாயிண்டும் கிடையாது, ஸ்கூலும் கிடையாது.

சுந்தர், கலிபோர்னியாவில் கோர்ட்டுக்குப் போகாமலே வழக்காடலாம். டிஆர்-205 என்று ஒரு படிவம். அபராதத் தொகையை முன்பணமாகக் கட்டிவிட்டு, உங்கள் பக்கத்தை எழுதி அனுப்ப வேண்டும். போலீஸ்காரரும் தன் பக்கத்தை எழுதி அனுப்ப வேண்டும். அவர் அனுப்பாவிட்டால் பெரும்பாலும் வழக்கு தள்ளுபடி, பணம் வாபஸ். தோற்றாலும் முடிந்துவிடவில்லை. 20 நாளுக்குள் டிஆர்-220 போட்டால் விசாரணை முதலிலிருந்து தொடங்கும், அப்போது நேரில் போகலாம். இரண்டு வாய்ப்பு. சட்டம் கொடுத்த உரிமையை விட்டுவிட்டு ஏன் நேராக உண்டியலில் போய்ப் போடுகிறீர்கள்?

காரைக்குடிக்காரன்:
அண்ணன் சொல்வது சரி. அப்படியே அந்தச் சாலைக்கு இன்ஜினியரிங் சர்வே (வேக எல்லை சரிதானா என்று பார்க்கும் போக்குவரத்து ஆய்வு) இருக்கிறதா என்றும் கேளுங்கள் சுந்தர். பழைய சர்வேயாக இருந்தால் ரேடார் சாட்சியம் செல்லாது. ஸ்பீட் டிராப் சட்டம் என்று பேர். என் தம்பி அப்படித்தான் வெளியே வந்தான்.

மீனா ரா.:
காரைக்குடியாரே, உங்கள் தம்பிக்கு டிக்கெட் விழுந்தது ஊருக்குள் இருக்கிற தெருவாக இருக்கும். 35, 40 மைல் எல்லை போட்ட தெருக்களுக்குத்தான் அந்த சர்வே தேவை. ஃப்ரீவேயின் 65 மைல் என்பது மாநிலம் முழுக்கப் பொதுவாகச் சட்டமே வைத்த உச்ச வரம்பு. அதற்கு சர்வே கேட்டு எழுதினால் நீதிபதி சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். டிக்கெட்டில் 22350 (சாலை நிலைமைக்குப் பொருந்தாத வேகம்) என்று இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். இவருடையது 22349.

பழைய ஓட்டுநர் சார் சொல்லாமல் விட்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எதிர்த்துத் தோற்ற பிறகு டிராஃபிக் ஸ்கூல் கேட்டால், கொடுப்பதும் கொடுக்காததும் நீதிபதி கையில். முதலிலேயே கேட்டால் கோர்ட் கவுண்டரிலேயே, வெப்சைட்டிலேயே கொடுத்துவிடுவார்கள். கையில் இருக்கிற உறுதியான ஒன்றை விட்டுவிட்டு, "போலீஸ்காரர் பதில் எழுத மறந்துவிடட்டும்" என்று வேண்டிக்கொள்ளச் சொல்கிறீர்கள்.

பழைய ஓட்டுநர்:
நீதிபதி கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் மேடம். வழக்காடினார் என்பதற்காக மட்டுமே மறுப்பது சரியில்லை என்பதைப் பணிவாகக் கேட்கலாம். நான் பார்த்தவரை கொடுக்கிறார்கள்.

சரி, ஒரு பாயிண்ட் ஏறினால் உலகம் அழிந்துவிடுமா? 1988ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த பிராப் 103 என்ற இன்சூரன்ஸ் சட்டம் என்ன சொல்கிறது? நல்ல ஓட்டுநருக்குப் பிரீமியத்தில் குறைந்தது 20 சதவீதத் தள்ளுபடி. நல்ல ஓட்டுநர் என்றால் லைசன்ஸ் மூன்று ஆண்டு இருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் ஒரு பாயிண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கவனியுங்கள், ஒன்றுக்கு மேல். முதல் பாயிண்டால் அந்தத் தள்ளுபடி போகாது. டிராஃபிக் ஸ்கூல் விற்கிறவர்கள் இதை மட்டும் விளம்பரத்தில் போடுவதே இல்லை.

மீனா ரா.:
தள்ளுபடி போகாது, உண்மை. ஆனால் அதே பிராப் 103தான் பிரீமியம் போடும்போது ஓட்டும் பதிவை முதல் காரணியாகப் பார்க்கச் சொல்கிறது. தள்ளுபடியைக் கொடுத்துக்கொண்டே அடிப்படைக் கட்டணத்தை ஏற்றுவார்கள். அடுத்த மூன்று ஆண்டுக்குள் இன்னொரு பாயிண்ட் விழுந்தால்? அப்போது 20 சதவீதமும் போய்விடும். வெறும் ஒரு டிக்கெட் தூரத்தில் ஏன் நிற்க வேண்டும்?

காரைக்குடிக்காரன்:
இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். ஸ்கூல் 18 மாதத்துக்கு ஒரு தடவைதான். இதற்கே செலவழித்துவிட்டால் அடுத்த வருடம் பெரிய டிக்கெட் ஏதாவது வந்தால் என்ன செய்வது? சேர்த்து வைத்துக்கொள்வது நல்லதில்லையா?

மீனா ரா.:
பெரிய டிக்கெட்டுக்கு ஸ்கூலே கிடையாதுங்க. ஒரு பாயிண்ட் டிக்கெட்டுக்கு மட்டும்தான். எல்லைக்கு மேல் 25 மைலைத் தாண்டினால் கவுண்டரில் கொடுக்க மாட்டார்கள். 100 மைலுக்கு மேல் போனால் இரண்டு பாயிண்ட், குடித்துவிட்டு ஓட்டினால் பேச்சே இல்லை. ஸ்டாப் சைனில் நிற்காமல் உருட்டிப் போவதும் ஒரு பாயிண்ட்தான், இவருடைய 82ம் ஒரு பாயிண்ட்தான். எதற்காகச் சேர்த்து வைப்பது? அந்த 18 மாதமும் டிக்கெட் வாங்கிய தேதியிலிருந்துதான் ஓடுகிறது, வகுப்பு முடித்த தேதியிலிருந்து இல்லை.

டல்லாஸ் கதிர்:
நீங்கள் எல்லாம் கட்டுகிற காசைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. எங்கள் டெக்சாஸில் டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பு ஆறு மணி நேரம் முடித்தால் டிக்கெட்டே தள்ளுபடி. கோர்ட் கட்டணத்தோடு சரி. 12 மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம். 25 மைல் கூடப் போயிருந்தாலோ, 95ஐத் தொட்டிருந்தாலோ கிடையாது.

எடிசன் ஷங்கர்:
மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு கதிர். நியூயார்க்கில் இதே மாதிரி வகுப்பு எடுத்தால் டிக்கெட் அப்படியே நிற்கும். பாயிண்ட் கணக்கில் நான்கு வரை கழித்துப் பார்ப்பார்கள், இன்சூரன்ஸில் மூன்று ஆண்டுக்குப் பத்து சதவீதம் குறையும். எங்கள் நியூஜெர்சியில் யாரும் ஸ்கூலைப் பற்றிப் பேசுவதே இல்லை. அரசு வக்கீலிடம் பேசி, பாயிண்ட் இல்லாத "பாதுகாப்பற்ற ஓட்டம்" என்ற பிரிவுக்கு மாற்றிக்கொண்டு 250 டாலர் கூடுதலாக அழுவோம். சுந்தர், வேறு மாநிலத்து நண்பர்கள் சொல்வதைக் கேட்டு எதுவும் செய்யாதீர்கள், நான் உட்பட.

ரயில் பயணி:
இவ்வளவு நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாயிண்ட், பிரீமியம், படிவம் எல்லாம் வந்துவிட்டது. 65ல் 82 போனதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

82ல் மோதினால் வண்டியின் ஆற்றல் 65ல் மோதுவதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். வேகத்தின் வர்க்கம், பத்தாம் வகுப்புப் பாடம். மிச்சப்படுத்தியது எவ்வளவு? 20 மைல் தூரத்துக்கு நான்கு நிமிடம்.

இந்த ஆன்லைன் ஸ்கூல் என்ன சொல்லிக்கொடுக்கிறது? என் மைத்துனர் எடுத்தார். டிவியில் கிரிக்கெட், மடியில் லேப்டாப். பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனார். டைமர்கூட இல்லை. தேர்வில் பதில் தெரியாவிட்டால் இன்னொரு ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டார். மறுநாள் அதே வேகம். இதற்குப் பெயர் பள்ளிக்கூடமா? பணம் உள்ளவன் தன் பதிவைக் கழுவிக்கொள்ளும் இடம். 370 டாலரையே புரட்ட முடியாதவன் மேலே 90க்கு எங்கே போவான்? அவன் பதிவில் பாயிண்ட் இருக்கும், பிரீமியம் ஏறும். இருவரும் ஓட்டியது ஒரே வேகம்.

பழைய ஓட்டுநர்:
வாருங்கள் ரயில் பயணி! எனக்கும் ஸ்கூல் பிடிக்காது, காரணம்தான் வேறு. எனக்கு அது கட்டாய வசூல்.

மீனா ரா.:
ரயில் பயணி சார், வேகம் தப்பு என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அதற்குத்தான் 370 டாலர் தண்டம். தண்டத்துக்கு மேல் மூன்று ஆண்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கப்பம் கட்டினால்தான் ஒருவர் திருந்துவாரா?

பணம் இல்லாதவர்களுக்கு வழியே இல்லை என்பதும் சரியில்லை. மைசைட்டேஷன்ஸ் என்று கோர்ட்டுகளே நடத்துகிற ஒரு இணையதளம் இருக்கிறது. வருமானத்தைக் காட்டினால் அபராதத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கிறார்கள், தவணையும் தருகிறார்கள். தெரியாததால் பலர் கேட்பதில்லை.

வகுப்பைப் பற்றி: நானும் ஒரு முறை எடுத்தேன். மொக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டு ஸ்கூல் பஸ் நின்றால் எதிர்ப்பக்கம் வருகிறவரும் எப்போது நிற்க வேண்டும், நடுவில் தடுப்பு இருந்தால் என்ன என்பதெல்லாம் அதில்தான் தெளிவாகப் புரிந்தது. ஊரில் ஓட்டிப் பழகிவிட்டு வந்த நமக்கு இது சும்மா இல்லை.

ரயில் பயணி:
நான் சொல்வது என் மைத்துனரை மட்டும் வைத்து இல்லை. லைசன்ஸ் கொடுக்கிற மாநிலத் துறையான கலிபோர்னியா டிஎம்வியின் சொந்த ஆய்வாளர்களே 90களில் இதைப் பார்த்தார்கள். டிராஃபிக் ஸ்கூல் போய் டிக்கெட்டைத் தள்ளுபடி செய்துகொண்டவர்கள், தண்டனையை ஏற்றுக்கொண்டவர்களைவிட அதற்குப் பிறகு அதிக விபத்தில் மாட்டியிருந்தார்கள். பாடத்தால் கெட்டுப்போனார்கள் என்று இல்லை. பதிவில் பாயிண்ட் நிற்கிறதே என்ற பயம் போய்விட்டது, அவ்வளவுதான். அந்தப் பயம்தான் வேலை செய்கிறது மேடம், பாடம் இல்லை.

மீனா ரா.:
அதனால்தானே சட்டத்தையே மாற்றினார்கள்! நீங்கள் சொல்வது டிக்கெட் அடியோடு தள்ளுபடி ஆன காலம். 2011 ஜூலை 1 முதல் இங்கே டிக்கெட் தள்ளுபடி கிடையாது. குற்றம் பதிவில் இருக்கும், ரகசியமாக இருக்கும். இன்சூரன்ஸ்காரருக்குத் தெரியாது, கோர்ட்டுக்கும் டிஎம்விக்கும் தெரியும். 18 மாதத்துக்குள் இன்னொன்று வாங்கினால் ஒளிக்க இடமில்லை. உங்கள் பயம் அங்கே இருக்கிறது.

ரயில் பயணி:
18 மாதப் பயம். அதற்கப்புறம் மறுபடியும் 90 டாலர். நான் சொன்னதில் மாற்றம் இல்லை. நேரில் உட்கார வைத்து ஒரு சனிக்கிழமை முழுவதையும் பிடுங்கிக்கொள்ளட்டும், அப்போது ஒத்துக்கொள்கிறேன்.

டல்லாஸ் கதிர்:
சனிக்கிழமையா! அதற்கு நான் ஜெயிலுக்கே போவேன்.

சன்னிவேல் சுந்தர்:
ரயில் பயணி சார் சொன்ன நான்கு நிமிடக் கணக்கு உறைக்கிறது. ஆனால் என் இன்னொரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ரகசியம் என்றால் இமிக்ரேஷன் படிவத்தில் "இல்லை" என்று போடலாமா?

எடிசன் ஷங்கர்:
போடவே கூடாது. ரகசியம் என்பது இன்சூரன்ஸுக்குத்தான். கிரீன் கார்டுக்கான ஐ-485ம் சரி, பிறகு குடியுரிமைக்கான என்-400ம் சரி, போலீஸ் எப்போதாவது சைட்டேஷன் கொடுத்ததா என்று கேட்கின்றன. உங்களுக்குக் கொடுத்தது அதுதான். ஆமாம் என்று எழுதுங்கள். சாதாரண வேக டிக்கெட்டால் யாருக்கும் கிரீன் கார்டு நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. மறைத்தால்தான் வம்பு. என்-400ன் வழிமுறையிலேயே, கைது இல்லாமல், குடி, போதைப்பொருள் சம்பந்தம் இல்லாமல், 500 டாலருக்குக் குறைந்த அபராதம் மட்டும் என்றால் அதற்கான ஆவணம் இணைக்கத் தேவையில்லை என்று இருக்கிறது. ஆனாலும் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். விண்ணப்பிக்கும்போது வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ஓட்டுநர்:
சுந்தர், டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டது தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகாது. குறித்த தேதிக்குள் பதில் சொல்கிறேன் என்ற வாக்குறுதி மட்டும்தான். அதனால் எதிர்க்கும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

சன்னிவேல் சுந்தர்:
நன்றி அண்ணா. ஆனால் ரேடாரில் 82 என்று வந்ததற்கு எதிராக எழுத என்னிடம் எதுவும் இல்லை. 82 போகவில்லை என்று சத்தியம் செய்து எழுதவும் மனசு வரவில்லை. ஸ்கூலுக்கே போகிறேன். இன்றைக்கே ஒரு தளத்தில் பணம் கட்டி ஆரம்பித்துவிடட்டுமா?

மீனா ரா.:
பொறுங்கள், வரிசை முக்கியம். முதலில் கோர்ட். அங்கே அபராதத்தையும் ஸ்கூல் கட்டணத்தையும் கட்டி "டிராஃபிக் ஸ்கூல்" என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் வகுப்பை மட்டும் முடித்தால் பாயிண்ட் ஏறிவிடும். வீட்டுக்கு நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கலாம், ஆனால் வரவில்லை என்பதற்காக டிக்கெட்டில் போட்ட தேதியைத் தாண்டாதீர்கள். தாண்டினால் 100 டாலர் வரை தனி அபராதம். அப்புறம், டிஎம்வி லைசன்ஸ் கொடுத்த பள்ளிகளின் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. அதில் பேர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். விலை மலிவானதே போதும், சான்றிதழில் வித்தியாசம் கிடையாது.

முடித்ததைப் பள்ளியே ஆன்லைனில் அனுப்பிவிடும். இருந்தாலும் கெடு முடியும் முன்பு கோர்ட் தளத்தில் ஒரு முறை சரிபாருங்கள். இரண்டு மாதம் கழித்து டிஎம்வியில் 2 டாலர் கட்டி உங்கள் பதிவை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ரயில் பயணி:
சான் ஹோசேயிலிருந்து வடக்கே கால்டிரெய்ன் என்ற ரயிலும் ஓடுகிறது, அதையும் ஒரு தடவை பாருங்கள் தம்பி.