டின்டட் சன்ஸ்கிரீன் பூசிப் பார்க்கிறவர்களுக்கு: அளவு, ஷேட், உருளல்

டின்டட் சன்ஸ்கிரீன், அதாவது நிறம் கலந்த சன்ஸ்கிரீனை, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்துவிடுவதுதான் இதில் அதிகம் நடக்கிற தப்பு. நிறம் சமமாகத் தெரியும், பாதுகாப்புதான் கிடைக்காது. டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் (வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று காட்டும் எண்), ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மி.கி. க்ரீம் என்ற கணக்கில் சோதித்து வந்தது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடி முதல் நுனி வரை கோடாகப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறைய அந்த அளவு வரும். ஒரேயடியாகப் பூசினால் மூக்கோரத்திலும் புருவ முடியிலும் தேங்கி நிற்கும். பாதியை முதலில் பூசி, படிந்ததும் மீதியைப் பூசுங்கள்.

ஷேட் பார்ப்பதும் இதே அளவில்தான். புறங்கையில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடையிலிருந்து கழுத்து வரை பூசி, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். எண்ணெய் வழியும் தோலில் சில க்ரீம்கள் கால் மணி நேரத்தில் ஒரு படி கருத்துவிடும், அதனால் பொறுத்துப் பார்த்தே முடிவெடுங்கள்.

*

நிறம் எதற்கு என்றும் சொல்லிவிடலாம். அழகுக்கு மட்டும் இல்லை. சாதாரண சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். மாநிறம், கருநிறத் தோலில் அந்த ஒளியும், குறிப்பாக அதன் நீலப் பகுதி, கருமையைக் கூட்டும். மங்கு (முகத்தில் வரும் கருந்திட்டு) இருப்பவர்கள் சன்ஸ்கிரீனை விடாமல் பூசியும் திட்டு மங்கவில்லை என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த ஒளியை மறைப்பது டின்ட்டில் இருக்கும் அயர்ன் ஆக்சைடு. டியூபில் உள்ள மூலப்பொருள் பட்டியலில் நிறமிக்கான சிஐ எண்ணாக, சிஐ 77491 (சிவப்பு), 77492 (மஞ்சள்), 77499 (கறுப்பு) என்று இருக்கும். 77891 என்பது டைட்டானியம் டையாக்சைடு, வெள்ளை நிறமி. அது அதிகமாக இருந்து மற்றவை குறைந்தால் மாநிறத்தில் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். "எல்லா நிறத்துக்கும் பொருந்தும்" என்று ஒரே ஷேடில் வருபவை பல இந்த வகைதான். எனக்கு அந்த வாசகத்தில் நம்பிக்கை இல்லை.

*

முழு அளவு பூசினால் மேக்கப் போட்ட மாதிரி கனமாகத் தெரிகிறது என்பவர்கள், நிறமில்லாத சன்ஸ்கிரீனை முழு அளவு பூசி, அது காய்ந்தபின் மேலே டின்டட்டை மெல்லிசாகப் பூசலாம். எஸ்பிஎஃப் அடிப்பூச்சிலிருந்து கிடைக்கும். மேல்பூச்சு மெல்லிசு என்பதால் நிறமியின் பாதுகாப்பு மட்டும் அதற்கேற்பக் குறையும், மங்குக்காகப் பூசுகிறவர்களுக்கு இந்த வழி அரைகுறைதான். இரண்டையும் உள்ளங்கையில் கலந்து பூசாதீர்கள். மாய்ஸ்சரைசரோடு கலப்பதும் கூடாது, படலம் ஒரே சீராக விழாமல் ஓட்டை விழும்.

உருண்டு உருண்டு அழுக்கு மாதிரி வருகிறதா? பெரும்பாலும் க்ரீம் மேல் பழி இல்லை. அடியில் போட்ட ஜெல்லோ சீரமோ காயாமல் இருக்கும், அல்லது அளவு மீறியிருக்கும். மாய்ஸ்சரைசரைக் குறைத்து, பத்து நிமிடம் விட்டு, தேய்க்காமல் விரலால் அழுத்தி அழுத்திப் பூசிப் பாருங்கள். அப்போதும் உருண்டால் அந்த ஜோடி சேராது, இரண்டில் ஒன்றை மாற்றத்தான் வேண்டும். தோல் உரியும் இடங்களில் நிறமி போய் ஒட்டிக்கொள்வது வேறு கதை, அதற்கு முந்தைய இரவே ஈரப்பதம் கொடுக்க வேண்டும்.

*

வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், இது டின்டட்டுக்கும் உண்டு. வியர்வையை டிஷ்யூவால் ஒற்றி எடுத்த பிறகே பூசுங்கள், துடைத்தால் பழைய பூச்சு கோடு கோடாகும். ஸ்பாஞ்ச் பாதி க்ரீமைக் குடித்துவிடும், விரலே போதும்.

இரவில் வெறும் ஃபேஸ்வாஷ் போதாது. க்ளென்சிங் ஆயிலையோ பாமையோ உலர்ந்த முகத்தில் ஒரு நிமிடம் தேய்த்து, தண்ணீர் சேர்த்துக் கழுவி, பிறகு ஃபேஸ்வாஷ். முடியோரத்தையும் தாடையடியையும் மறக்காதீர்கள். வெள்ளைக் காலரில் பட்டால் பாத்திரம் கழுவும் திரவத்தை உலர்ந்த கறை மேலேயே விட்டுத் தேய்த்து அலசுங்கள். குளோரின் ப்ளீச் வேண்டாம், அவோபென்சோன் (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருள்) உள்ள க்ரீம் என்றால் கறை துருநிறத்துக்கு மாறிவிடும்.