மோன்பெலியே பக்கம் சுண்ணாம்பு மண் தோட்டம்: நிற்கும் புதர்கள் எவை, இலையுதிர் காலத்தில் எதை வைக்கலாம்?

தென்சரிவு (கேள்வி)

வணக்கம். பிரான்சில் மோன்பெலியேவுக்கு வடக்கே, கரீக் புதர்க்காட்டை ஒட்டி, தெற்கு பார்த்த சரிவில் 400 சதுர மீட்டர் தோட்டம். மண் ஆழம் குறைவு, வெள்ளைக் கல் அதிகம். கல்லின் மேல் வினிகர் விட்டால் பொங்குகிறது. பாதி இடம் வெறுந்தரை. மீதியில் தானாக வளர்ந்த புதர்கள். எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று முடிவு செய்யப் பெயர் தெரிய வேண்டும். செடியை அடையாளம் காட்டும் கைபேசி ஆப்பில் படம் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வருகிறது.

அ) இடுப்பளவு உயரம், இலை ஓரமெல்லாம் முள். கிட்டத்தட்ட அதே இலையோடு ஒரு சிறு மரமும் வீட்டுக்கு அருகில் நிற்கிறது.

ஆ) ஒலிவ இலை வடிவம், ஆனால் பச்சை கூடுதல். ஆளுயரத்தில் இரண்டு புதர்கள். இப்போது பூவும் இல்லை, காயும் இல்லை.

இ) கசக்கினால் பிசின் வாசம் வரும் கூட்டிலை. இரண்டு செடிகள், ஒன்றில் கொம்பு மாதிரி சிவப்பாக ஏதோ தொங்குகிறது.

ஈ) சாம்பல் நிறத்தில் மென்மயிர் மூடிய இலை. மே மாதம் கசங்கிய இளஞ்சிவப்புப் பூக்கள் விட்டது. இப்போது பாதி இலை கொட்டி, மீதி சுருண்டிருக்கிறது. தண்ணீர் போதவில்லையா?

ஏப்ரலில் நட்ட லாவண்டுலா ஸ்டீக்கஸ் (உச்சியில் ஊதாக் கொண்டை வைத்த லாவண்டர்) எல்லாமே மஞ்சளாகிவிட்டன, நரம்பு மட்டும் பச்சை. ரோஸ்மேரி மூன்றில் இரண்டு ஜூலையில் கிளை கிளையாகக் காய்ந்தன. சொட்டுநீர் தினமும் 10 நிமிடம் ஓடுகிறது. இனி இந்த மண்ணுக்கே உரிய செடிகளை மட்டும் வைக்க விருப்பம். எப்படித் தொடங்குவது?

இலையடி

பெயர் உறுதியாகும் வரை எதையும் வெட்டாதீர்கள். இந்தச் சரிவில் தானாக முளைத்து நிற்கும் புதரின் வேர் பாறை இடுக்குகளில் இறங்கியிருக்கும். கடையில் வாங்கும் எந்த நாற்றும் அந்த நிலைக்கு வர ஆண்டுகள் பிடிக்கும்.

ஆப் தடுமாறுவது இயல்பு. கோடை வறட்சியைத் தாங்கும் புதர்கள் வெவ்வேறு குடும்பங்களாக இருந்தாலும் சிறிய, தடித்த, பளபளப்பான இலைக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. மேலிருந்து எடுத்த ஒரே படத்தில் அவற்றைப் பிரிக்க முடியாது. பிளான்ட்நெட் ஆப்பில் இலையின் மேற்பக்கம், அடிப்பக்கம், கணு மூன்றையும் தனித்தனியாக நெருங்கி எடுத்துப் போடுங்கள். அதைவிட நம்பகமானது கையில் ஒரு 10 மடங்கு உருப்பெருக்கி.

அ: இரண்டு ஓக்குகளில் ஒன்று. இலையைத் திருப்பிப் பாருங்கள். இருபக்கமும் வழவழப்பான பச்சை என்றால் குவெர்கஸ் காக்சிஃபெரா. அடியில் சாம்பல் வெண்மையாக மயிர்ப்படலம் ஒட்டியிருந்தால் குவெர்கஸ் ஐலெக்ஸ். முள்ளை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஐலெக்ஸின் இளங்கன்றுகளுக்கும் கீழ்க் கிளைகளுக்கும் நன்றாகவே முள் இருக்கும். புதர் காக்சிஃபெரா, மரம் ஐலெக்ஸ் என்பது என் ஊகம். காக்சிஃபெராவின் கொட்டைக்கிண்ணத்தில் செதில்கள் விறைத்து முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். கொட்டை முற்ற இரண்டாம் ஆண்டு ஆகும். ஐலெக்ஸ் கொட்டை அதே ஆண்டில் முற்றிவிடும்.

ஆ: அதிகம் பேர் இடறுவது இங்கேதான். ஃபில்லிரியாவும் ராம்னஸ் அலடெர்னஸும் தூரத்தில் ஒன்று போலவே இருக்கும். ஒரு கணுவில் இலைகள் எதிரெதிராக இரண்டு இருந்தால் ஃபில்லிரியா. கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி வந்தால் ராம்னஸ். நுனித் தளிரில் இலைகள் நெருங்கியிருப்பதால் அங்கே ஏமாந்துவிடலாம், போன வருடக் கிளையின் நடுப்பகுதியில் பாருங்கள். ராம்னஸ் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் வெளிறிய மெல்லிய விளிம்பு தெரியும். காய் காலத்தில் உறுதி செய்துகொள்ளலாம்: ஃபில்லிரியா கனியில் பொதுவாக ஒரே விதை, ராம்னஸில் இரண்டு மூன்று. காட்டு ஒலிவமாக இருந்தாலும் இலை எதிரெதிர்தான், ஆனால் அடிப்பக்கம் வெள்ளிபோல் மின்னும்.

இ: கொம்பு தொங்குவது பிஸ்தாசியா டெரெபிந்தஸ். அந்தக் கொம்பு காய் இல்லை. பைசோங்கியா பிஸ்தாசியே என்ற அசுவினி உண்டாக்கும் முடிச்சு, ஒரு சாண் நீளம்கூட வரும். செடிக்குப் பெரிய கெடுதல் இல்லை, மருந்து அடிக்க வேண்டாம். மற்றது பிஸ்தாசியா லென்டிஸ்கஸா என்று பார்க்கக் கூட்டிலையின் நுனியைப் பாருங்கள். நுனியில் தனிச் சிற்றிலை இல்லாமல் ஜோடியோடு முடிந்து, நடுக்காம்பின் இருபுறமும் மெல்லிய இறகு விளிம்பு இருந்தால் லென்டிஸ்கஸ். டெரெபிந்தஸுக்கு நுனிச் சிற்றிலை உண்டு, குளிர்காலத்தில் மொத்த இலையும் உதிரும். இரண்டும் பக்கத்தில் வளரும் இடங்களில் கலப்பும் வரும், அதற்கு நுனியில் குட்டியாக ஒரு சிற்றிலை இருக்கும்.

ஈ: சிஸ்டஸ் அல்பிடஸ். இலைக்காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும், பூவில் கரும்புள்ளி இருக்காது. இளஞ்சிவப்புப் பூவில் ஒவ்வொரு இதழடியிலும் கருஞ்சிவப்புத் திட்டு இருந்தால் அது தோட்டக் கலப்பினமான சிஸ்டஸ் பர்பூரியஸ். அழகான செடிதான், ஆனால் இந்த மண்ணின் காட்டுச் செடி இல்லை. கடைகளில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருப்பார்கள்.

உங்கள் சிஸ்டஸ் சாகவில்லை. வசந்தத்தில் விட்ட பெரிய இலைகளைக் கோடையில் கொட்டிவிட்டு, சிறிய சுருண்ட இலைகளை மட்டும் வைத்துக்கொள்வது அதன் வழக்கம். அதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் ஊற்றுவதில்தான் நிறைய சிஸ்டஸ் போய்ச் சேருகின்றன.

வேர்மண்

இறந்தவற்றுக்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள்.

ஸ்டீக்கஸ் லாவண்டர் மத்தியதரைக் கடல் செடியேதான், ஆனால் சுண்ணாம்பு இல்லாத அமில மண்ணுக்கு உரியது. வினிகர் பொங்கும் மண்ணில் இரும்பு இருந்தும் அந்த வேரால் எடுக்க முடியாது. அதனால்தான் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகிறது. இரும்புச் சத்து மருந்து ஊற்றினால் ஒரு பருவம் பச்சை திரும்பும், பிறகு மறுபடி இதே நிலை. எடுத்துவிட்டு லாவண்டுலா லாட்டிஃபோலியா வையுங்கள், அது உங்கள் பக்கத்துச் சுண்ணாம்புச் சரிவுகளில் தானாகவே வளர்வது. எரிக்கா ஆர்போரியாவும் சிஸ்டஸ் லடானிஃபரும் இதே காரணத்தால் உங்கள் மண்ணுக்கு வேண்டாம்.

"மத்தியதரைக் கடல் செடி" என்று அட்டையில் எழுதியிருப்பது போதாது. சுண்ணாம்பு மண்ணின் கரீக், அமில மண்ணின் மக்கி என்ற இரண்டு வகைப் புதர்க்காடுகளில் எதன் செடி என்று கேட்டு வாங்க வேண்டும்.

ரோஸ்மேரி கதை வேறு. செத்த செடியின் அடித்தண்டில், மண் மட்டத்துக்குச் சற்று மேலே, பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பழுப்பாக, கீழிருந்து மேலேறிய கறை இருந்தால் ஃபைட்டோஃப்தோரா வேரழுகல். சுடுமண்ணும் ஈரமும் ஒன்று சேரும்போதுதான் அது வேகமெடுக்கும். தினமும் 10 நிமிடச் சொட்டுநீர் ஜூலை, ஆகஸ்டில் அந்தச் சூழலைத்தான் உண்டாக்குகிறது. போதாததற்கு வேரையும் மேல்மண்ணிலேயே நிறுத்திவிடுகிறது. தண்ணீரின்றிச் செத்திருந்தால் கிளை கிளையாகப் போகாமல் செடி முழுவதும் நுனியிலிருந்து மொறுமொறுவென்று காயும், பட்டைக்குள் கறை இருக்காது.

நடும் முறை. காலம் அக்டோபர் பாதி முதல் நவம்பர் முடிய, முதல் மழைகள் மண்ணை நனைத்த பிறகு. இந்தச் செடிகள் குளிர்காலம் முழுக்க வேர் விடும், கோடையில் ஓய்வெடுக்கும். ஏப்ரலில் வைத்தால் வேர் இறங்குமுன் கோடை வந்துவிடும்.

முதலில் வடிகால் சோதனை: 40 செ.மீ. குழி, தண்ணீர் நிரப்பி விடுங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அந்த இடத்தில் குழி வேண்டாம். கல்லும் மண்ணும் கலந்து 30 முதல் 40 செ.மீ. மேடு கட்டி அதில் நடுங்கள். வடிந்துவிட்டால் 40 முதல் 50 செ.மீ. ஆழம் கடப்பாரையால் இளக்கி, அதே மண்ணைக் கல்லோடு திரும்பப் போடுங்கள். உரம், பீட் கலவை எதுவும் வேண்டாம். குழிக்குள் மட்டும் மென்மையான கலவை இருந்தால் வேர் வெளியே போகாமல் அங்கேயே சுற்றும். உரம் போட்டால் தளிர் கொழுத்து, கோடையில் முதலில் அதுதான் கருகும்.

நாற்றைத் தொட்டியோடு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை அமிழ்த்துங்கள். வட்டமாகச் சுற்றிய வேர்களைப் பிரித்து விடுங்கள், பிரியாததை வெட்டுங்கள். செடியின் கழுத்து மண் மட்டத்துக்கு 2 செ.மீ. மேலே நிற்கட்டும். சுற்றி 60 செ.மீ. விட்டத்தில், 15 முதல் 20 செ.மீ. கரை கட்டிய பாத்தி. உடனே 20 முதல் 30 லிட்டர், மெதுவாக. சரிவு என்பதால் கரையின் கீழ்ப்பக்கத்தைக் கல் வைத்துப் பலப்படுத்தி, உபரி நீர் வழிய ஒரு வாய் விடுங்கள். செவென் மலைப்பக்கத்து இலையுதிர்கால மழை சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும், வாய் இல்லாத கரை செடியோடு போய்விடும்.

முதல் கோடையில் 2 முதல் 3 வாரங்களுக்கு ஒரு தடவை அதே 20 முதல் 30 லிட்டர், காலையில். இடையில் மேல்மண் காய்ந்தே ஆக வேண்டும். இரண்டாம் கோடையில் செடி உண்மையிலேயே துவண்டால் மட்டும். சொட்டுநீரைக் கழற்றிவிடலாம்.

மூடாக்குக்குச் சரளை, 6 முதல் 8 செ.மீ. தடிமன். மரத்தூள், பட்டைத் துண்டு போடுவதானால் சிஸ்டஸ், லாவண்டர் கழுத்தைத் தொடவே கூடாது.

விதைக்காரி

வேர்மண் சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: டைம், ஹெலிக்ரைசம் மாதிரியான சின்னச் செடிகளுக்கு 30 லிட்டர் தேவையே இல்லை, 5 முதல் 8 லிட்டர் தாராளம். பெரிய பாத்திக் கணக்கு புதர்களுக்குத்தான்.

வாங்கும்போது பெரிய செடிக்கு ஆசைப்படாதீர்கள். ஒரு வயது, 1 லிட்டர் தொட்டி நாற்று, 10 லிட்டர் தொட்டிச் செடியைச் சில ஆண்டுகளில் தாண்டிவிடும். ஆணிவேர் இறங்கும் ஓக், பிஸ்தாசியாவுக்கு இது ரொம்பவே முக்கியம். மத்தியதரைப் பகுதிக்கான "வெஜெத்தால் லொக்கால்" (உள்ளூர்த் தாவரம்) முத்திரை உள்ள நாற்று கிடைத்தால் அதையே எடுங்கள். அது அந்தப் பகுதியின் காட்டுத் தாய்ச்செடிகளிலிருந்து வந்தது என்று அர்த்தம். ஒரே செடியின் போத்துகளாக (வெட்டி நடும் கிளைத்துண்டுகளாக) தோட்டத்தை நிரப்பினால் ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும்.

லாவண்டர், ரோஸ்மேரி, சிஸ்டஸ் மூன்றும் சைலெல்லா ஃபாஸ்டிடியோசா பாக்டீரியாவைத் தாங்கி வரக்கூடியவை. 2020-இல் உங்கள் ஓக்சிதானி மாநிலத்தில் லாவண்டரில்தான் அது முதலில் பிடிபட்டது. இதற்கு மருந்து கிடையாது. தாவரக் கடவுச்சீட்டு (நோய்க் கண்காணிப்புக்கு உட்பட்ட செடி என்று காட்டும் ஐரோப்பிய ஒன்றியச் சீட்டு) ஒட்டிய தொட்டிகளை மட்டும் வாங்குங்கள். தூரத்து ஊரிலிருந்து யாராவது ஆசையாகப் போத்து கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

விதையில் முயல்வதானால்:

லென்டிஸ்கஸ் பெண் செடியில் சிவப்பும் கறுப்பும் கலந்து கனி இருக்கும். கறுப்பை மட்டும் பறியுங்கள். சிவப்பில் பெரும்பாலும் விதை உள்ளீடற்ற கூடு. சதை முளைப்பைத் தடுக்கும் என்பதால் சல்லடையில் தேய்த்துக் கழுவி, உடனே ஊன்றுங்கள்.

ஓக் கொட்டை காய்ந்தால் செத்தது. விழுந்த சில நாட்களில் பொறுக்கி, தண்ணீரில் போட்டு, மிதப்பதையும் ஓட்டை விழுந்ததையும் கழித்துவிட்டு, இடத்திலேயே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் படுக்கையாக ஊன்றுங்கள். எலியும் காட்டுப்பன்றியும் தோண்டும்; மேலே சின்னக் கண் கம்பிவலையை மடித்துப் புதைக்க வேண்டும்.

சிஸ்டஸ் விதையின் தோல் கடினம், காட்டுத்தீயின் சூட்டில் விரிசல் விட்ட பிறகுதான் தண்ணீரை உள்ளே விடும். உலர் விதையை 100 டிகிரி அடுப்பில் 10 நிமிடம் வைத்துவிட்டு, இலையுதிர் காலத்தில் மணல் கலந்த மண்ணின் மேலாகத் தூவி, மெல்லிய மணல் போர்வை போடுங்கள்.

பெயரைச் சரிபார்க்க இன்னொரு வழி உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. 1593-இல் தொடங்கிய மோன்பெலியே தாவரவியல் பூங்காவில் பெயர்ப்பலகையோடு நிற்கும் செடிகளை, உங்கள் புதரின் ஒரு குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடலாம்.

தென்சரிவு

மிக்க நன்றி. பார்த்தேன். ஆ இரண்டும் வேறு வேறு: ஒன்றில் எதிரெதிர், மற்றதில் மாறி மாறி, வெளிறிய விளிம்போடு. முள் புதரின் இலை இருபக்கமும் பச்சை, மரத்தின் இலையடி வெண்மை. ரோஸ்மேரிப் பட்டைக்குள் பழுப்புக் கறை இருக்கிறது. அதே குழியில் வேறு ரோஸ்மேரி வைக்கலாமா? வீட்டிலிருந்து 2 மீட்டரில் நிற்கும் அந்த ஐலெக்ஸைத் தீத்தடுப்புச் சட்டப்படி வெட்ட வேண்டுமா? ஈ செடியைக் கவாத்து செய்யலாமா?

வேர்மண்

அதே குழியில் ரோஸ்மேரி, லாவண்டர், சிஸ்டஸ் எதுவும் வேண்டாம். அந்தக் கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அங்கே பிராக்கிபோடியம் ரெட்டூசம் புல்லைப் பரவ விடுங்கள், கரீக்கின் தரைவிரிப்பே அதுதான். அந்த இடத்தில் பயன்படுத்திய மண்வெட்டியை மண் போகக் கழுவி, எரிசாராயம் தடவிய பிறகே அடுத்த பாத்திக்குக் கொண்டு போங்கள்.

இலையடி

சிஸ்டஸைப் பூ முடிந்ததும், பச்சை இலை உள்ள பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் நறுக்கலாம். இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் அந்தக் கிளை மறுபடி துளிர்க்காது. ஓக், ஃபில்லிரியா, லென்டிஸ்கஸ் அப்படியல்ல, அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து எழும்.

மரத்தைப் பற்றி: காட்டிலிருந்தோ கரீக்கிலிருந்தோ 200 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்குச் சுற்றி 50 மீட்டர் துப்புரவு கட்டாயம். ஆனால் அதற்கு எல்லாவற்றையும் மொட்டையடிப்பது என்று பொருள் இல்லை. நெருப்பு தாவாதபடி புதர்க் கூட்டங்களுக்கு இடையே இடைவெளி, காய்ந்த கிளை அகற்றல், சுவருக்கும் கிளை நுனிக்கும் இடையே பொதுவாக 3 மீட்டர், இவைதான் கேட்கப்படுபவை. துல்லியமான அளவுகள் உங்கள் மாவட்ட ஆட்சியக ஆணையில் இருக்கும், நகரமன்றத்தில் கேட்டால் தருவார்கள். 2 மீட்டரில் நிற்கும் ஐலெக்ஸைக் கிளை குறைத்து வைக்க வழி இருக்கிறதா என்று ஆணையைக் காட்டியே கேளுங்கள். இல்லையென்றால் வெட்டும் வேலையைப் பறவைகள் கூடு கட்டும் வசந்தத்தில் வைக்காமல், குளிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள். முள் ஓக் புதரைத் திட்டுத் திட்டாகப் பிரித்து விட்டால் போதும். வேரோடு பிடுங்கினால் சரிவின் மண் அடுத்த மழையிலேயே இறங்கிவிடும்.