அக்ளூட்டினேஷனுக்கு ‘உறைதல்’ வேண்டாமே

வணக்கம்,

ரத்த அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாகச் சேரும் அக்ளூட்டினேஷனுக்கு (agglutination) தமிழில் ‘உறைதல்’ போதும் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். காயத்தில் ரத்தம் நின்றாலும் ‘கட்டபிடிச்சு’, ரத்த வகை பார்க்கும் ஸ்லைடில் மணிமணியாகத் திரண்டாலும் ‘கட்டபிடிச்சு’ என்கிறார்கள். நாமும் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் எப்படி?

உறைதலில் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலை பின்னி அணுக்களைப் பிடிக்கும். அக்ளூட்டினேஷனில் வலையே கிடையாது. ஏ வகைச் சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் ஒரு சர்க்கரை, பி வகையில் வேறொன்று, ஓ வகையில் இரண்டுமே இல்லை. தன்னிடம் இல்லாத சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே ரத்தத்தில் வந்துவிடும். அதில் பெரும்பாலும் ஐஜிஎம் வகை, அதற்குப் பத்துக் கைகள். அந்தச் சர்க்கரை உள்ள அணுக்கள் வந்து கலந்தால், ஒரு கை ஓர் அணுவைப் பிடிக்க, இன்னொரு கை பக்கத்து அணுவை இழுக்க, அப்படியே கூட்டம் சேர்ந்துவிடும். 1901இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டியதே இதை வைத்துத்தான்.

நம் அடுக்களையில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் இருக்கிறது. தயிர் உறையும், கேழ்வரகுக் கஞ்சி கட்டி தட்டும். அதனால் ‘கட்டிதட்டல்’ என்று வைக்கலாமா?

—

சொல் பிடித்திருக்கிறது, ஆனால் பயமாகவும் இருக்கிறது. ‘ரத்தத்தில் கட்டி’ என்று ரிப்போர்ட்டில் பார்த்தால் எங்கள் அம்மா அன்றைக்குச் சோறு சாப்பிடமாட்டார். ஒட்டிக்கொண்டு திரள்வதால் ‘ஒட்டுத்திரள்’ என்றால் என்ன?

—

நியாயம்தான், கட்டியை நான் யோசிக்கவில்லை. ஒட்டுத்திரள் பெயராக நிற்கிறது, வினையாகவும் ‘ஒட்டித்திரளும்’ என்று வளைகிறது, ஆன்டிபாடியை ‘ஒட்டுத்திரட்டி’ என்றும் சொல்லிக்கொள்ளலாம். சரி, ஒரு கடினமான வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். 1952இல் கண்டறிந்த பம்பாய் ரத்த வகை பற்றியது அது (சீரம் என்றால் ஆன்டிபாடிகள் உள்ள ரத்த நீர்): “இவருடைய அணுக்கள் ஏ எதிர்ப்பு சீரத்திலும் பி எதிர்ப்பு சீரத்திலும் ஒட்டித்திரளாததால் ஓ வகை என்று தோன்றும், ஆனால் ஓ வகை அணுக்களை இவருடைய சீரத்தில் விட்டால் அவை ஒட்டித்திரளும்.” ஓ வகையில்கூட இருக்கும் அடிப்படைச் சர்க்கரை இவரிடம் இல்லை, அதற்கும் எதிரான ஆன்டிபாடி வைத்திருக்கிறார்.

இங்கே ‘உறையும்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள் ஐயா. பிள்ளைகள் ஃபைப்ரினைத் தேடப் போய்விடுவார்கள்.