கல்யாணப் பந்தியும் ‘ராத்திரி சாப்பாட்டை விட்டுடலாம்’ என்ற நினைப்பும்

வளவுக்காரி:
ஈட்டிங் டிஸார்டருக்கு (சாப்பாடு, எடை பத்தின நினைப்பே ஆட்டி வைக்கிற மனநோய்) சிகிச்சை முடிஞ்சு எட்டு மாசம். எடை சரியாயிருச்சு, மூணு வேளையும் சாப்பாடு நடக்குது. தலைக்குள்ள ஓடுற கணக்கு மட்டும் நிக்கல. ‘இப்ப சாப்பிட்டா ராத்திரி விட்டுடலாம்’னு சொல்லிக்கிட்டே இருக்கு. அடுத்த மாசம் காரைக்குடியில கல்யாணம், மூணு நாள் பந்தி. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம்னு காலையிலயே இலை நிறைஞ்சுரும். நினைப்பு வந்தாலே நோய் திரும்பிருச்சுன்னு அர்த்தமா?

செம்பருத்தி:
இல்லம்மா. நினைப்பு வர்றது வேற, அது சொன்னபடி நடக்கிறது வேற. உடம்பு முதல்ல தேறும், மனசு பின்னாடிதான் வரும். 1944-45-ல அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தாங்க. சாப்பாடு திரும்பக் கிடைச்ச பிறகும் பலருக்கு மாசக்கணக்கில் சோத்து நினைப்பு விடல.

கல்யாண வீட்டில் நடக்கிற பெரிய தப்பு, மதிய விருந்துக்கு ‘இடம் வைக்க’ காலையில் பட்டினி கிடக்கிறது. வயிறு காய்ஞ்சா பந்தியில் கை நிக்காது. அப்புறம் குற்ற உணர்ச்சி, அதுக்கு ஈடா மறுபடி பட்டினி. மூணு வேளைச் சாப்பாடு, நடுவில் ரெண்டு மூணு சிறுதீனி; இடைவெளி நாலு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. முகூர்த்தம் முடிஞ்சு இலை போட நேரமாகும், பையில் வாழைப்பழமும் கடலை உருண்டையும் இருக்கட்டும்.

சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம்தான் கஷ்டம். தனியா இருக்காதீங்க, முகப்பில் பிள்ளைகளோட பல்லாங்குழிக்கு உக்காருங்க. சாப்பிட்டதுக்கு ஈடுகட்டணும்ங்கிற உந்துதல் உச்சத்துக்குப் போய் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தணியும். வயிறு உப்பினாப்ல இருந்தா அது கொழுப்பு இல்ல. பட்டினி கிடந்த இரைப்பை மெதுவாத்தான் காலியாகும், ஒழுங்கா சாப்பிடச் சாப்பிடச் சரியாகும். ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் விட்றாதீங்க.

ரவிக்கையை இப்ப இருக்கிற அளவுக்கே தைக்கக் கொடுங்க. பழசுக்குள்ள நுழையப் பார்த்தா அன்னிக்கு முழுக்க அதுவே நெருடும்.

கண்டாங்கி:
சொந்தக்காரங்க பேச்சுக்கும் தயாரா இருங்க. ‘பூசினாப்ல இருக்கியே’ன்னா, “நல்லா இருக்கேன் அயித்தை, நீங்க சாப்பிட்டீங்களா?” போதும், விளக்கம் வேண்டாம். ‘முன்ன மெலிஞ்சு அழகா இருந்தே’ன்னு வர்ற பாராட்டு அதை விட ஆபத்து. விஷயம் தெரிஞ்ச ஆச்சி ஒருத்தரைப் பக்கத்து இலையில் உக்காரச் சொல்லுங்க, பேச்சை அவங்க திருப்பிருவாங்க. போன்ல கலோரி ஆப் இருந்தா இன்னிக்கே எடுத்துருங்க. பிள்ளையார் நோன்போ எந்த விரதமோ, டாக்டரைக் கேக்காம இருக்காதீங்க.

மருதாணி:
வேளைச் சாப்பாடு தவறுறது, சாப்பாட்டை ஒளிச்சு வைக்கிறது, தினம் எடை பாக்கிறது தலைகாட்டினா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காம டாக்டரைக் கூப்பிடுங்க. வாந்தி எடுக்கிற பழக்கம் திரும்பினா ரத்தத்தில் பொட்டாசியம் குறைஞ்சு இதயத் துடிப்பே தடுமாறலாம். மயக்கமோ படபடப்போ வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுங்க. நடு ராத்திரியில் பேச ஆள் வேணும்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, கட்டணம் கிடையாது, தமிழ்லயே பேசலாம்.