கம்யூனிட்டி கல்லூரியில் வரலாறு, தத்துவம் படித்தவர்கள் உண்டா? அனுபவம் சொல்லுங்கள்

ஃப்ரீமாண்டிலிருந்து:

நானே தொடங்கிவைக்கிறேன். கோவையில் பொறியியல் படித்தவள். வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் ஹெச்-4 விசாவில் கலிஃபோர்னியா வந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லை, படிக்கத் தடையில்லை. பக்கத்துக் கம்யூனிட்டி கல்லூரியில் (இரண்டாண்டுப் பொதுக் கல்லூரி) கணக்கியல் எடு, பைத்தான் எடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் தத்துவ அறிமுக வகுப்பில் சேர்ந்தேன். மாநிலவாசிக்கு, பாட அளவான யூனிட் ஒன்றுக்கு 46 டாலர். மூன்று யூனிட் பாடம் 138 டாலரில் முடிந்தது. (மாநிலவாசிக் கணக்கில் வர இங்கே ஓராண்டுக்கு மேல் வசித்திருக்க வேண்டும். அதற்கு முன் சேர்ந்தால் கட்டணம் பல மடங்கு.) நுழைவுத் தேர்வு கிடையாது, வயது வரம்பும் இல்லை.

வகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கம், பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடமும் எடுக்கும் பதினேழு வயதுப் பெண். இன்னொரு பக்கம், கட்டாய ஆள்சேர்ப்பில் வியட்நாம் போருக்குப் போய்வந்த பெரியவர். முன்வரிசையில் மருத்துவமனைச் சீருடையோடு ஓர் இளைஞர். பாதி வகுப்பில் அவருக்குக் கண் சொருகிவிடும்.

ஒரு நாள் வகுப்பில் விவாதித்தது இது: சாக்ரடீசுக்கு மரண தண்டனை விதித்துவிட்டார்கள். நண்பர் கிரிட்டோ சிறைக்கு வந்து, தப்பிக்க எல்லா ஏற்பாடும் ஆயிற்று, கிளம்பு என்கிறார். சாக்ரடீஸ் மறுக்கிறார். தீர்ப்பு தவறென்றாலும் சட்டத்துக்குக் கட்டுப்படத்தான் வேண்டுமா? போயிருக்க வேண்டும் என்று அந்தப் பெண் ஒரே பிடியாக நின்றாள். சீருடைக்காரர் விழித்துக்கொண்டு, “சட்டத்தை மதித்திருந்தால் என் அம்மா எல்லையைத் தாண்டியிருக்க மாட்டார், நானும் இங்கே இருக்க மாட்டேன்” என்றார். பெரியவர் கடைசியில் பேசினார்: “சாக்ரடீசுக்கு அப்போது எழுபது வயது. எழுபதில் யார் ஓடுவார்கள்? இதை அவரிடம் இருபதில் கேட்டிருக்க வேண்டும்.” அவருடைய நண்பர் ஒருவர் இருபது வயதில் கனடாவுக்கு ஓடிப்போனவராம். அதன் பிறகு அரைமணி நேரம் ஆசிரியர் வாயே திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை. என் பொறியியல் வகுப்புகளில் பாடத்தைப் பற்றி இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

சான் ஹோசேயிலிருந்து:

மகள் வரலாறு எடுக்கிறேன் என்றாள். அதுவும் கம்யூனிட்டி கல்லூரியில். உறவினர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். பயப்படும் பெற்றோருக்கு ஒரு தகவல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில், நிபந்தனைகளை நிறைவு செய்து மாறிவரும் கம்யூனிட்டி கல்லூரி மாணவருக்கு இட உறுதித் திட்டம் இருக்கிறது. விண்ணப்பம் செப்டம்பரில். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ வளாகங்களில் அந்த உறுதி கிடையாது, ஆனால் இப்படி மாறிவரும் மாணவர்களை எடுக்கிறார்கள். எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். ஆலோசகரின் நேரம் கிடைக்கும்வரை காத்திருந்தால் பருவமே முடிந்துவிடும்.

“இன்ஜினியரிங் கிடைக்கவில்லையா?” என்று இன்னும் கேட்கிறார்கள். கிடைத்தது, வேண்டாம் என்றாள் என்று சொன்னால் நம்புவதில்லை.

டல்லஸிலிருந்து:

டெக்சஸ் பொதுப் பல்கலைக்கழகங்களில் கணினி படித்தாலும் அமெரிக்க வரலாறு ஆறு கிரெடிட், அரசியல் ஆறு கிரெடிட் கட்டாயம். கோடை விடுமுறையில் கம்யூனிட்டி கல்லூரியில், இணையவழியில் முடித்தேன். ஃப்ரீமாண்ட் நண்பர் எழுதியதுபோல் விவாதம் எதுவும் நடக்கவில்லை. மலிவு, கிரெடிட்டை ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சாக்ரமென்டோவிலிருந்து:

ஒரு குறையும் பதிவாகட்டும். நான் பதிவு செய்த மதங்களின் வரலாறு வகுப்பு, ஆள் சேரவில்லை என்று பருவம் தொடங்கும் தறுவாயில் ரத்தானது. அதை நடத்தவிருந்தவர் பகுதிநேர ஆசிரியர். கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரி மாவட்டம் பகுதிநேர ஆசிரியருக்கு முழுநேர வேலைச்சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது சட்டம். அதனால் காலையில் ஓர் ஊர், மாலையில் இன்னோர் ஊர் என்று காரிலேயே வாழ்கிறார்கள். வகுப்புக்குப் பின் ஒரு சந்தேகம் கேட்கலாம் என்றால் அவர் அடுத்த கல்லூரிக்கு ஓடிக்கொண்டிருப்பார். பாடம் பிரமாதம், நடத்துகிறவரை நடத்தும் விதம்தான் வெட்கக்கேடு.

சான்டா கிளாராவிலிருந்து:

நான் எடுத்தது இனவியல் (எத்னிக் ஸ்டடீஸ்), அதாவது அமெரிக்காவில் சிறுபான்மை இனத்தவரின் வரலாறும் வாழ்வும். பட்டத்துக்குக் கட்டாயம் என்பதால் வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். பகத் சிங் தின்ட் வழக்கை அங்கேதான் கேள்விப்பட்டேன். பஞ்சாபில் பிறந்தவர், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். அவர் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியர்களுக்குக் குடியுரிமை வழி திறந்தது 1946இல். ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்றார்கள். கிரீன் கார்டு வரிசையைப் பற்றி வாரந்தோறும் புலம்பும் எங்கள் நண்பர் கூட்டத்தில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

ஃப்ரீமாண்டிலிருந்து:

சாக்ரமென்டோ நண்பருக்கு: அது உண்மை. எங்கள் ஆசிரியரும் வகுப்பு முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் நின்றபடிதான் சந்தேகம் தீர்த்துவைப்பார். வசந்தப் பருவத்தில் கலை வரலாறு எடுக்கலாம் என்றிருக்கிறேன். இணையவழியில் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், நேரில் போவது மேலா என்று சொல்லுங்கள்.